ஜாய்ஸ்டிக் இருந்தாதான் பைலட்டா?

1/
கன்சோலில் விமான கேம் விளையாடுறவங்க கூடுற எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு வசனம் காதில் விழும். "கேம்பேடு வச்சு ஓட்டுறதெல்லாம் பறக்குறதே இல்ல. ஜாய்ஸ்டிக் வாங்கு, இல்லன்னா போய் கார் கேம் விளையாடு." இந்த வசனத்தை நம்பி நானும் ஒரு பையனுக்குத் தப்பான ஆலோசனை கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/
முதலில் ஒரு வாக்குமூலம். பகலில் மருத்துவர். ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு ஹால் டிவியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். ஓபி ரொம்பப் படுத்தின நாள்னா ஏஸ் காம்பாட் 7. வீட்டில் கேம்பேடும் இருக்கு, ஜாய்ஸ்டிக்கும் இருக்கு. ஆகவே வாங்க முடியாதவன் புலம்புறான்னு யாரும் கிளம்ப வேண்டாம்.

3/
ஒரு தம்பி, 15 வயசு, அப்பாவோடு வந்தான். (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இடது மணிக்கட்டில், கட்டை விரல் பக்கம் வலி. தண்ணி பாட்டிலைத் திறந்தால் வலி, பையைத் தூக்கினால் வலி. கட்டை விரலை உள்ளே வைத்து மூடி, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கச் சொன்னேன். துள்ளிவிட்டான்.

4/
இதற்கு டி குவெர்வெய்ன் டீனோசைனோவைட்டிஸ் என்று பெயர். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895ல் விவரித்த நோய். கட்டை விரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போனால் ஒவ்வொரு அசைவுக்கும் உரசும், வலிக்கும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் அம்மாக்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம்.

5/
இவனிடம் கைக்குழந்தை இல்லை, கேம்பேடு இருந்தது. பரீட்சை லீவு. தினமும் நாலைந்து மணி நேரம் ஃப்ளைட் சிமுலேட்டர். அதில் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவதும், இறக்கைகளைச் சாய்ப்பதும் கேம்பேடின் இடது ஸ்டிக்தான். அதாவது முழு விமானமும் இடது கட்டை விரலில்.

6/
கேம் விளையாடி விரல் நோவது புதுசு இல்லை. 1990லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், தொடர்ந்து ஐந்து மணி நேரம் நின்டெண்டோ விளையாடிக் கட்டை விரல் தசைநாண் வலியோடு வந்த 35 வயதுப் பெண்ணைப் பற்றி ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். அவர் அதற்கு வைத்த பெயர் 'நின்டெண்டினைட்டிஸ்'.

7/
அந்தத் தம்பிக்கு ஓய்வு, கட்டை விரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட், வலி மாத்திரை. இது வரைக்கும் சரி. அதோட நிறுத்தியிருக்கணும். கிளம்பும்போது அவன் கேட்டான்: "டாக்டர், க்ரூப்ல எல்லாரும் கேம்பேடு வேஸ்ட்டுன்னு ஓட்டுறாங்க. ஜாய்ஸ்டிக் வாங்கினா வலிக்காதுல்ல?" நான் பெரிய இவன் மாதிரி சொன்னேன்: "ஆமா தம்பி, அது முழுக் கையாலப் பிடிக்கிறது. நல்லதுதான்."

8/
ஏழெட்டு வாரம் கழித்து மறுபடி வந்தான். இடது கை சரியாகிவிட்டது. இப்போது வலது கை. மணிக்கட்டின் சுண்டு விரல் பக்கமும், முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமும் வலி. ஜாய்ஸ்டிக் வந்திருந்தது. அப்பா கடன் எதுவும் வாங்கலை, ஆனா யோசிச்சு யோசிச்சு வாங்கியிருக்கார்னு அவர் முகத்திலேயே தெரிஞ்சது.

9/
"அதை எங்க வச்சு விளையாடுறே?"
"மடியில தலகாணி போட்டு, அதுக்கு மேல டாக்டர். டிவி ஹால்ல இருக்கு, அங்க மேசை கிடையாது."

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்கவில்லை. ஒரு கையில் இருந்த வலியை இன்னொரு கைக்கு மாற்றிவிட்டது நான். இப்போ விவாதத்துக்கு வருவோம்.

10/
ஜாய்ஸ்டிக் கட்சியின் முதல் வாதம்: "அதுதான் நிஜம். நிஜ பைலட் கேம்பேடா பிடிக்கிறார்?"

சரி, நிஜ பைலட் எதைப் பிடிக்கிறார்? பறக்கப் பழகுகிறவர்கள் பலர் தொடங்கும் செஸ்னா 172ல் இருப்பது யோக், கார் ஸ்டியரிங்கை அரையாக வெட்டியது போன்ற கைப்பிடி. போயிங் 737, 777, 787 எல்லாவற்றிலும் யோக்தான். நீங்க மேசையில் வச்சிருக்கிற ஸ்டிக் அங்கே கிடையாது.

11/
"ஏர்பஸ்ல இருக்கே?" இருக்கு. 1988ல் சேவைக்கு வந்த ஏ320 முதல் சைடுஸ்டிக்தான். ஆனால் கேப்டன் உட்காருவது இடது இருக்கை. அவருடைய ஸ்டிக் அவருக்கு இடது பக்கம். அதாவது கேப்டன் இடது கையால் ஓட்டுகிறார், வலது கை நடுவில் உள்ள த்ராட்டிலில். உங்கள் செட் நேர் எதிர். வலது கையில் ஸ்டிக், இடது கையில் த்ராட்டில். 'நிஜம்' பேசுகிற எத்தனை பேர் கைமாற்றி ஓட்டியிருக்கீங்க?

12/
ஸ்டிக் வலது கையிலும் த்ராட்டில் இடது கையிலும் இருக்கும் அமைப்பு போர் விமானத்தின் அமைப்பு. அங்கேயும் ஒரு சுவாரஸ்யம். எஃப்-16 விமானத்தில் முதலில் வைத்த ஸ்டிக் நகரவே நகராது. கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். பைலட்டுகளுக்கு அது ஒத்துவராததால் பிறகு மிகச் சிறிதளவு அசையும்படி மாற்றினார்கள். ஆக, நிஜத்திலேயே 'இதுதான் ஸ்டிக்' என்று ஒரே ஒரு வடிவம் இல்லை. மனிதக் கைக்கு எது ஒத்துவந்ததோ அதை வைத்தார்கள்.

13/
இரண்டாம் வாதம்: "கேம்பேடு பொம்மை. சீரியஸான வேலைக்கு ஆகாது."

அமெரிக்கக் கடற்படையின் வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளில் பழைய பெரிஸ்கோப் கிடையாது, கேமரா பொருத்திய கம்பம். அதைத் திருப்ப ஹெலிகாப்டர் ஸ்டிக் மாதிரி ஒரு கைப்பிடி இருந்தது. அந்தக் கைப்பிடிக்கும் அதன் பேனலுக்கும் சேர்த்து விலை சுமார் 38,000 டாலர். கனமாக இருக்கு, கைக்கு வசதியாக இல்லை என்று மாலுமிகள் குறைப்பட்டார்கள். அதற்குப் பதில் வந்தது எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர். விலை சுமார் 30 டாலர். 2018ல் பணியில் சேர்ந்த யூஎஸ்எஸ் கொலராடோவில் அதுதான்.

14/
கேமராவைத் திருப்புவதும் விமானத்தை இறக்குவதும் ஒன்று இல்லை, ஒத்துக்கிறேன். நான் சொல்வது இவ்வளவுதான்: விலையும் எடையும் அதிகமாக இருப்பதால் ஒரு கருவி சீரியஸ் ஆகிவிடாது.

15/
இன்னொரு சின்ன வரலாறு. 1996ல் சோனி முதல் பிளேஸ்டேஷனுக்கு ஒரு பெரிய அனலாக் ஜாய்ஸ்டிக் வெளியிட்டது. ஒரே பலகையில் இரண்டு பெரிய ஸ்டிக். விமான கேம்களுக்கு ஏற்ற சாதனம். அடுத்த ஆண்டே இரண்டு குட்டி அனலாக் ஸ்டிக் வைத்த கேம்பேடு வந்தது, அந்த ஜாய்ஸ்டிக் போலவே நடந்துகொள்ளும் ஒரு மோடும் அதில் இருந்தது. இன்று நீங்கள் கேலி செய்யும் கேம்பேடுக்கு அந்த ஜாய்ஸ்டிக் பெரியப்பா முறை.

16/
மூன்றாம் வாதம்தான் கொஞ்சம் வலுவானது: "கேம்பேடில் துல்லியம் வராது."

பலர் இதைக் கட்டை விரலின் குற்றமாகச் சொல்கிறார்கள். உடற்கூறு தெரிந்தவன் என்ற முறையில் கட்டை விரலுக்காக ஆஜராகிறேன். மூளையில் அசைவுகளை ஆளும் பகுதியின் வரைபடத்தைப் பாருங்கள். கைக்கும் கட்டை விரலுக்கும் ஒதுக்கிய இடம், முழு முதுகுக்கும் தோளுக்கும் ஒதுக்கியதைவிடப் பெரியது. நுணுக்கமாக அசையவே படைக்கப்பட்ட விரல் அது.

17/
பிரச்சினை நெம்புகோலின் நீளத்தில் இருக்கு. சும்மா ஒரு கணக்கு. ஜாய்ஸ்டிக்கில் கை பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் என்று வைப்போம். 20 டிகிரி சாய்த்தால் கை சுமார் 5 சென்டிமீட்டர் நகரும். கேம்பேடு ஸ்டிக்கில் அந்தத் தூரம் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால், அதே 20 டிகிரிக்கு விரல் அரை சென்டிமீட்டர்தான் நகரும். விரல் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கேம்பேடில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஜாய்ஸ்டிக்கில் ஐம்பதில் ஒரு பங்கு.

18/
இதற்கு மருந்து பெரும்பாலும் இலவசம். ஃப்ளைட் சிமுலேட்டரின் கன்ட்ரோல் அமைப்புகளில் சென்சிட்டிவிட்டி இருக்கு. பிட்ச், ரோல் இரண்டையும் மைனஸ் பக்கம் கொண்டுபோங்க. மைனஸ் 30ல் ஆரம்பிச்சு பாருங்க. நடுப்பகுதியில் ஸ்டிக் சாந்தமாகும், ஓரத்தில் மட்டும் வேகமெடுக்கும். தேவைப்பட்டால் ஸ்டிக் மேல் மாட்டும் உயரமான மூடி ஒன்று வாங்கலாம், நெம்புகோல் கொஞ்சம் நீளும். இதைச் செய்து பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு பண்ணச் சொல்றது, சர்க்கரை டெஸ்ட் எடுக்காமலே இன்சுலின் எழுதுற மாதிரி.

19/
இப்போது ஜாய்ஸ்டிக் பக்கம் உள்ள நியாயம். இருக்கு, பெரிய நியாயம். ஆனால் அவர்கள் சண்டை போடும் இடத்தில் இல்லை. ஸ்டிக்கில் இல்லை, கூட வரும் த்ராட்டிலில் இருக்கு.

20/
கேம்பேடில் எந்த ஸ்டிக்கையும் விட்டால் நடுவுக்கு ஓடிவிடும், ஸ்பிரிங். த்ராட்டில் அப்படி இருக்கக் கூடாது, விட்ட இடத்தில் நிற்கணும். ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தபோது, 2021 ஜூலையில், கேம்பேடில் கிடைத்த வழி: ஏ பட்டனை அழுத்தினால் இன்ஜின் சக்தி ஏறும், பி பட்டனை அழுத்தினால் இறங்கும். எவ்வளவு இருக்கு என்பது விரலுக்குத் தெரியாது, திரையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

21/
செஸ்னாவை 65 நாட் வேகத்தில் ஓடுபாதைக்கு இறக்கிக்கொண்டு வரும்போது சக்தியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கணும். கண் ஓடுபாதையை விட்டு நகரக் கூடாது. த்ராட்டில் லீவர் கையில் இருந்தால் கண் தேவையில்லை. மூட்டும் தசையும் 'பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கு' என்று மூளைக்குச் சொல்லிவிடும். இதை நாங்கள் புரோப்ரியோசெப்ஷன் என்போம். இருட்டில் சோற்றைப் பிசைந்தாலும் கை வாயைத் தேடிப் போகாமல் நேராகப் போகுதே, அந்த உணர்வு.

22/
எனவே ஃப்ளைட் சிமுலேட்டரில் வாரக்கணக்கில் இறக்கம் பழகப் போறீங்களா, தாராளமாக வாங்குங்க. ஆனால் காரணம் தெரிஞ்சு வாங்குங்க. ஏஸ் காம்பாட் மட்டும்தானா? அந்த கேமை கேம்பேடை மனசில் வச்சுத்தான் கட்டியிருக்காங்க. பிளேஸ்டேஷனில் ஆர்2 வேகம், எல்2 பிரேக். இரண்டையும் விட்டால் விமானம் தானே மிதவேகத்துக்கு வந்துவிடும். த்ராட்டில் இல்லாத குறையே அங்கே எழாது. ஜாய்ஸ்டிக்கோடும் ஓட்டலாம், ஜாலியா இருக்கும். தேவை இல்லை.

23/
இனி யாருமே பேசாத விஷயம், நானும் கோட்டை விட்ட விஷயம்: இடம்.

கம்ப்யூட்டரில் விளையாடுறவங்களுக்கு மேசை ஏற்கெனவே இருக்கு. கன்சோல் இருப்பது ஹாலில், டிவிக்கு எதிரே சோஃபாவில், இல்லன்னா தரையில். கேம்பேடு அந்த உட்காருகைக்காகவே பிறந்தது. எப்படிச் சாய்ந்தாலும் கை கூடவே வரும். ஜாய்ஸ்டிக் அப்படி இல்லை. அது நகராத ஒரு தளத்தைக் கேட்கும்.

24/
மடியில் தலையணைமேல் வைத்தால் என்ன ஆகும்? தோள் மேலே தூக்கிக்கொள்ளும். முழங்கைக்குத் தாங்கல் இல்லை. மணிக்கட்டு பின்பக்கம் வளைந்தே கிடக்கும். அந்த நிலையில் ரட்டருக்காக ஸ்டிக்கை இடமும் வலமும் முறுக்கினால், முறுக்கு முழுக்க மணிக்கட்டிலும் முன்கையிலும் விழும். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான். கேம்பேடு கொடுத்த வலிக்கு ஜாய்ஸ்டிக் மருந்து என்று எழுதிக்கொடுத்தது நான்.

25/
இன்னும் ஒன்று. கை எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. கட்டை விரல் மூட்டு தேய்ந்தவருக்கு, விபத்தில் கட்டை விரல் மடங்காமல் போனவருக்கு, முழுக் கையால் பிடிக்கும் ஜாய்ஸ்டிக் பெரிய வரம். முடக்குவாதத்தால் மணிக்கட்டு பாதித்தவருக்கு அதே ஜாய்ஸ்டிக் தண்டனை, மடியில் கிடக்கும் கேம்பேடு வரம். வலது கை இல்லாத ஒருவருக்கு, வலது கைக்கென்று வளைத்துச் செய்த ஸ்டிக் எதற்கு ஆகும்? 'கேம்பேடுல ஓட்டுறவன்லாம் பைலட்டா'ன்னு நக்கல் அடிக்கும்போது அந்தப் பக்கம் எந்தக் கை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

26/
கோபப்பட வேண்டிய இடம் வேறு. கம்ப்யூட்டரில் யூஎஸ்பி ஸ்டிக் எதைச் செருகினாலும் பெரும்பாலும் ஓடும். கன்சோலில் அந்தக் கன்சோலுக்கென்று உரிமம் பெற்றது மட்டும்தான். டி.ஃப்ளைட் ஹோட்டாஸ் ஒன் எக்ஸ்பாக்ஸுக்கு, ஹோட்டாஸ் 4 பிளேஸ்டேஷனுக்கு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாற்றிச் செருகினால் வேலை செய்யாது. பட்டன்களை மாற்றி அமைக்க விடாத கேம்கள் இன்னும் இருக்கு. இதைக் கேள்வி கேளுங்க. கேம்பேடோடு வந்த 15 வயசுப் பையனை இல்லை.

27/
வாங்கத்தான் போறேன் என்பவர்களுக்கு, மருத்துவராகச் சில வரிகள்:

- முதலில் மேசை, பிறகு ஸ்டிக். உட்கார்ந்தால் முழங்கை கிட்டத்தட்ட 90 டிகிரி, தோள் தளர்வாக, முன்கைக்குத் தாங்கல்.
- ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்காதீங்க. விரல் நுனி வெளுத்தால் பிடி அதிகம்.
- முறுக்கினால் மணிக்கட்டு நோகுதா? மேலே சொன்ன இரண்டு செட்டிலும் த்ராட்டிலில் விரலால் தள்ளும் ரட்டர் லீவர் இருக்கு, அதைப் பயன்படுத்துங்க.
- எந்தக் கருவியானாலும் அரை மணிக்கொரு தடவை எழுந்து நடங்க. நீண்ட பயணம்னா ஆட்டோபைலட் எதுக்கு இருக்கு?
- வலி, மரத்துப்போதல், பிடி தளர்தல் இருந்தால் இரண்டு வாரம் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்க.

28/
அந்தத் தம்பி என்ன ஆனான்? அப்பாவே வழி கண்டுபிடிச்சார். வீட்டில் உயரத்தை ஏற்றி இறக்கும் இஸ்திரி மேசை ஒன்று இருந்தது. அதைச் சரியான உயரத்தில் நாற்காலிக்கு முன்னால் போட்டு, ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் அதன்மேல் இறுக்கிவிட்டார். ஃப்ளைட் சிமுலேட்டருக்கு அது. ஏஸ் காம்பாடுக்குப் பழைய கேம்பேடு, சோஃபா. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அது அம்மா போட்ட சட்டம். போன முறை வந்தபோது இரண்டு கையும் நல்லா இருந்தது.

29/
க்ரூப்பில் இன்னும் ஓட்டுறாங்களான்னு கேட்டேன். "இப்ப ஓட்டல டாக்டர். ஸ்டிக் இருக்குல்ல." அது எனக்குச் சந்தோஷமா இல்லை. அவன் கேம்பேடில் இறக்கின முதல் இறக்கத்தை யாராவது ஒருத்தர் பாராட்டியிருந்தா, அவங்க அப்பாவுக்கு அந்தச் செலவே வந்திருக்காது.

30/
அடுத்த முறை யாராவது "கேம்பேடு வச்சு ஃப்ளைட் சிமுலேட்டர் ஆரம்பிச்சிருக்கேன்"னு எழுதினா, மூணு கேள்வி கேளுங்க. எந்த கேம்? எங்க உட்கார்ந்து விளையாடுறீங்க? கை எப்படி இருக்கு? அதுக்கப்புறம் ஜாய்ஸ்டிக் பேச்சை எடுங்க. நான் கேட்காம விட்டு ஒரு பையன் கை நொந்தது. நீங்களாவது கேளுங்க.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்ட்டில் வாங்க. முடிந்தது.